குடல் அழற்சி நோயும் புறநோயாளர் மருத்துவமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

சங்க ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டபோது, வழக்கம்போல் ஒரு கல்வெட்டைப் பற்றியோ, தொண்டை மண்டலத்துச் சமணர் ஊர்களைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறு பொருள். நாலு பேர் கூடிய இடத்தில் நாம் வாய் திறக்கக் கூசுகிற ஒரு நோயும், அந்த நோயாளிகளை மருத்துவ உலகம் எப்படிக் கவனிக்கக் கற்றுக்கொண்டது என்ற வரலாறும். நான் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1982இல் தில்லிக்கு வந்து, கரோல்பாகில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்துப் பிழைத்தவன். படித்தது பத்தாம் வகுப்பு. பிறகு படித்ததெல்லாம் கடையில் கூட்டமில்லாத மத்தியான வேளைகளில்தான். இந்தப் பொருளை ஏன் எடுத்தேன் என்பது போகப்போகத் தெரியும்.

நோயின் பெயர்

வயிற்றுப்போக்கு என்றால் நமக்குத் தெரியும். சீதபேதி தெரியும். 'குடல் அழற்சி நோய்' என்றால் பலருக்குப் புரிவதில்லை. இதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பெருங்குடலின் உள் சவ்வு புண்ணாகி ரத்தமும் சளியுமாகப் போவது. இதைப் பெருங்குடல் புண் அழற்சி என்கிறார்கள். மற்றொன்று, வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வந்து, குடலின் சுவரையே தடிக்கச் செய்யும் கிரோன் நோய். இரண்டும் தொற்றுநோய் அல்ல. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்குவதால் வருவது. பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், பிறகு சீறி எழும். இந்த 'அடங்குவதும் எழுவதும்' என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரை முழுவதும் அதைச் சுற்றித்தான் வருகிறது.

1859ஆம் ஆண்டு லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ், இறந்துபோன ஒரு பெண்ணின் குடலை ஆராய்ந்து எழுதியதைத்தான் பெருங்குடல் புண் அழற்சியின் முதல் தெளிவான குறிப்புகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். 1913இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் டால்சியல் சிறுகுடலில் வரும் அழற்சியைப் பற்றி எழுதினார். 1932இல் நியூயார்க்கில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையால் அது உலகறிந்த நோயாயிற்று. அகர வரிசையில் கிரோனின் பெயர் முதலில் நின்றதால் அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

படுக்கையே மருத்துவம் என்றிருந்த காலம்

காஞ்சிபுரத்துக்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே நடந்த ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள். மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர், இவர்களுக்கெல்லாம் என்ன கூலி, ஓராண்டுக்கு என்னென்ன மருந்து இருப்பு என்று ஒரு கணக்குப் பேரேடு மாதிரி வெட்டியிருக்கிறார்கள். என் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. பலமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். லண்டனில் 1835இல் பிரெடரிக் சால்மன் என்பவர் ஆசனவாய், மலக்குடல் நோய் கண்ட ஏழைகளுக்கென்று ஒரு வைத்தியசாலை தொடங்கினார். அதில் 7 படுக்கைகள். பிற்காலத்தில் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை என்று குடல் நோய்களுக்கே பேர் பெற்றது அதுதான். இரண்டிலும் நான் கவனித்தது ஒன்று. நோயாளி என்றால் படுக்கையில் கிடப்பவர். குணமானால் வீட்டுக்குப் போவார். அல்லது வேறு விதமாகப் போவார். வீட்டிலிருந்தபடியே ஆயுள் முழுக்க நோயாளியாக இருப்பவருக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி அன்று எழவில்லை.

குடல் அழற்சி நோயாளிகளும் அப்படித்தான் இருந்தார்கள். கடுமையாக வந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. 1955இல் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 210 நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் கார்ட்டிசோன், மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. கார்ட்டிசோன் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேர் நோய் அடங்கினார்கள். மற்றவர்களில் 16 பேர். அந்தக் கட்டுரையில் நோயின் கடுமையை அளக்க அவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறதா, காய்ச்சல் உண்டா, நாடி 90க்கு மேல் துடிக்கிறதா, ரத்தம் குறைந்திருக்கிறதா என்று. எண்ணிச் சொல்லக்கூடிய அளவு. வீட்டில் இருக்கிறவர்களே எண்ணலாம்.

நன்றாக இருப்பவருக்கு மருந்து

ஸ்டாக்ஹோமில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், மூட்டுவாதத்துக்கென்று உருவாக்கிய சல்ஃபாசலசின் மருந்து குடல் புண்ணையும் ஆற்றுவதை 1942இல் எழுதினார். அதற்குப் பின் 1965இல் லண்டனில் மிசீவிச், லெனார்டு-ஜோன்ஸ் முதலியோர் ஒரு கேள்வி கேட்டார்கள். நோய் அடங்கி, நன்றாக நடமாடும் ஒருவருக்கு இந்த மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும்? விடை தெளிவாக வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டு நோயின்றி இருந்தார்கள்; நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியது.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் புறநோயாளர் மருத்துவத்தின் கதை இங்கேதான் திரும்புகிறது. நன்றாக இருப்பவர் மருந்து சாப்பிட வேண்டுமென்றால், நன்றாக இருப்பவரும் மருத்துவமனைக்கு வந்து போக வேண்டும். ஒரு மாதமல்ல, வருஷக்கணக்கில்.

அடுத்த அடியை வைத்தவர் நம் துணைக்கண்டத்துக்காரர். கிழக்கு வங்கத்திலிருந்து ஆக்ஸ்போர்டு சென்ற அசாத் கான், ட்ரூலவோடு சேர்ந்து, சல்ஃபாசலசினில் இருக்கும் இரண்டு கூறுகளைத் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார். குடல் புண்ணை ஆற்றுவது மெசலசின் என்ற கூறுதான். மற்ற கூறு அல்ல என்று 1977இல் நிறுவினார்கள். இன்று கடைகளில் விற்கும் மெசலசின் மாத்திரைகளெல்லாம் அந்த வேலையின் பயன். அதே அசாத் கான் பின்னாளில் டாக்காவில் வங்கதேச நீரிழிவுச் சங்கத்தின் தலைவரானார். ஆயுட்கால நோயாளிகளைப் பதிவு செய்து, புறநோயாளராகவே வைத்துக் கவனிப்பதற்குப் பேர் போனது அந்தச் சங்கம். மருந்து கண்டவரே வந்துபோகும் நோயாளிகளின் ஏற்பாட்டையும் தலைமேல் ஏற்றார் என்பதைப் படித்தபோது எனக்கு மனது நிறைந்தது.

எங்கள் வீட்டுக் கதை

இனி என் சொந்தக் கதை. என் இளைய மகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எழுதுங்கப்பா, நாலு பேருக்கு உபயோகமாகும்" என்றாள்.

2006இல் அவளுக்குப் 18 வயது. ரத்தமாகப் போகிறது என்று தன் அம்மாவிடம் சொல்லவே மூன்று மாதம் ஆக்கினாள். அமீபா என்று சொல்லி அக்கம்பக்கத்து மருத்துவர்கள் மருந்து மாற்றி மருந்து கொடுத்ததில் போனது கிட்டத்தட்ட ஒரு வருஷம். பிறகுதான் பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்த்துப் புண் அழற்சி என்றார்கள். மெசலசின் தந்தார்கள். நாலு மாதத்தில் பெண் பழையபடி ஆனாள்.

2008இல் நான் செய்த தவறை மறைக்கப் போவதில்லை. நன்றாகத்தானே இருக்கிறாள், பெண்பிள்ளை, மருந்து பழக்கமாகிவிடக் கூடாது, மாதாமாதம் செலவு வேறு என்று வியாபாரிக் கணக்குப் போட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். 1965இல் லண்டனில் விடை கண்ட கேள்வியை 43 வருஷம் கழித்து என் வீட்டில் என் மகள் மேல் வைத்துச் சோதித்தேன் என்று சொல்ல வேண்டும். ஐந்தாம் மாதம், பரீட்சை நேரம், நோய் திரும்பியது.

மருத்துவமனை கொடுத்திருந்த அடுத்த தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. முன்னாடியே பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலை போய் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். நின்றோம். மார்கழிக் குளிர். பன்னிரண்டு மணிக்குள் அவள் எட்டு முறை கழிப்பறைக்குப் போனாள். கழிப்பறை கட்டடத்தின் அந்தக் கோடியில். ஒன்பதாம் முறை போயிருந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கதவருகே ஓடி, "பொண்ணு இப்ப வந்துடுவா" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கெஞ்சினேன். "நம்பர் போயிடுச்சு, நாளைக்கு வாங்க" என்று அந்த ஊழியர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் நூற்றுக்கணக்கான பேர். என் மகள் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "வரிசைல நிக்க முடியாதவங்களுக்கு வரிசை வச்சிருக்காங்களேப்பா" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கினேன். ரத்தம் நின்றது. நின்றதே என்று இரண்டு மாதத்துக்கு மேல் நாங்களே கொடுத்தோம். முகம் வீங்கி, முகப்பரு வந்து, கல்லூரிக்குப் போகமாட்டேன் என்று அறைக்குள் உட்கார்ந்துவிட்டாள். பிற்பாடு பார்த்த மருத்துவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "இது நோயை அடக்கும், அடங்கின பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டுவிட வேண்டிய மருந்து. தொடர்ந்து கொடுத்தால் எலும்பைத் தின்னும்." அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நான் இந்நோயின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வேல்ஸும் மான்செஸ்டரும்

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. எங்களுக்கு நேர்ந்தது தனி ஓர் ஊரின் குறை இல்லை. புறநோயாளர் முறையிலேயே இருந்த குறை. 'ஆறு மாதம் கழித்து வா' என்பது நாட்காட்டியின் கணக்கு. நோய்க்கு நாட்காட்டி தெரியாது. நன்றாக இருக்கும்போது தேதி இருக்கும். போய், "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். சீறி எழும்போது தேதி இருக்காது.

இதைச் சீர்செய்ய முடியுமா என்று வேல்ஸ் நாட்டில் சுவான்சி, நீத் வட்டார மருத்துவமனைகளில் 180 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான தேதிகள். மறு பகுதியினருக்குத் தேதியே இல்லை; வேண்டும்போது வரலாம். இரண்டு ஆண்டு முடிவில் இரு சாராரின் உடல்நலத்திலும் வேறுபாடு இல்லை. தேதியில்லாதவர்கள் மருத்துவமனைக்கு வந்தது குறைவு. அந்த முறையையே நோயாளிகளும் அவர்களுடைய குடும்ப மருத்துவர்களும் விரும்பினார்கள். ஆனால் ஒரு குறையையும் ஒளிக்காமல் எழுதினார்கள். அவசரமாக வர வேண்டியவர்களில் சிலருக்கு இடம் கிடைப்பது சிரமமாயிருந்தது. கதவு திறந்திருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது.

அடுத்த ஆண்டே, 2001இல், மான்செஸ்டர் வட்டாரத்தில் 203 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு வந்தது. இதில் ஒரு பகுதி நோயாளிகளை உட்கார வைத்துப் பேசி, 'நோய் எழுகிறது என்று நீ எப்படிக் கண்டுகொள்வாய், கண்டவுடன் எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவாய், எப்போது எங்களைக் கூப்பிடுவாய்' என்பதை ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதிக் கையில் கொடுத்தார்கள். நோய் எழுந்தபோது அவர்களுக்குச் சராசரி 15 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியது. மற்றவர்களுக்கு 50 மணி நேரம் ஆயிற்று. மருத்துவமனைக்கு வந்தது ஆண்டுக்கு ஒரு முறைக்கும் குறைவு. மற்றவர்கள் மூன்று முறை.

நான் எங்கே தவறினேன் என்று இதைப் படித்தபோதுதான் விளங்கியது. நானும் வீட்டிலேயே வைத்தியம் செய்தேன். மான்செஸ்டர்க்காரர்களும் வீட்டிலேயே செய்தார்கள். அவர்கள் கையில் மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது, கூப்பிட ஒரு எண் இருந்தது. என் கையில் பழைய சீட்டு மட்டும்தான் இருந்தது.

செவிலியரும் சங்கங்களும்

அந்த எண்ணுக்கு மறுமுனையில் யார்? பிரிட்டனில் இந்நோய்க்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்கள். தொலைபேசியில் கேட்பது, ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்ப்பது, அவசரமானவரை மருத்துவரிடம் முன்னே தள்ளிவிடுவது எல்லாம் அவர்கள் வேலை. 1960களிலிருந்து வழக்கத்துக்கு வந்த அசாதயோபிரின் போன்ற மருந்துகளுக்கு ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். யாராவது ஒருவர் பட்டியல் வைத்துக்கொண்டு, "இந்த மாசம் டெஸ்ட் எடுக்கலையே" என்று கேட்டால்தான் அது நடக்கும்.

இன்னொன்று, நோயாளிகளின் சங்கங்கள். 1967இல் நியூயார்க்கில் இரண்டு நோயாளிக் குடும்பங்களும் ஒரு மருத்துவரும் சேர்ந்து அமெரிக்காவின் அமைப்பைத் தொடங்கினார்கள். 1979இல் பிரிட்டனில் ஒன்று. மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் இந்தச் சங்கமும் சேர்ந்துதான் 2009இல் அங்கே சேவைத் தரங்களை வகுத்தார்கள். நோய் எழுந்தவரை ஐந்து வேலை நாட்களுக்குள் நிபுணர் பார்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஐந்து நாள்! எங்களுக்கு ஐந்து வாரம் என்றார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

நம் நாட்டில்

இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது என்று நெடுநாள் நம்பினார்கள். பஞ்சாபில் லூதியானா மருத்துவர்கள் வீடு வீடாகப் போய் 51,910 பேரை விசாரித்து 23 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதைக் கண்டு 2003இல் வெளியிட்டார்கள். லட்சத்துக்கு 44 பேர். ஓராண்டு கழித்து மறுபடி போனபோது புதிதாக 3 பேர். நம் மக்கள்தொகைக்கு இந்தக் கணக்கைப் பெருக்கிப் பார்க்க வாசகர்களுக்கு என் உதவி வேண்டாம்.

நம் நாட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது. காசநோய் இருக்கும்போது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் சந்தேகமானால் முதலில் காசநோய் மருந்து கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கூர்ந்து பார்க்கிறார்கள். அந்தக் 'கூர்ந்து பார்த்தல்' புறநோயாளர் பிரிவில்தான் நடக்க வேண்டும். நோயாளி நடுவில் காணாமல் போய்விட்டால் எல்லாம் வீண். 1998இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு அனுமதி பெற்ற இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசி மருந்துகளுக்கும் காசநோய் இல்லை என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும். 2014 டிசம்பரில் அடலிமுமாப் மருந்தின் ஒத்த வடிவத்தை உலகிலேயே முதலில் ஓர் இந்திய நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்து செய்வதில் நாம் பின்தங்கவில்லை.

2017இல் நெதர்லாந்தில் 909 நோயாளிகளைக் கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினரிடம் கணினி, கைபேசி வழியே கேள்வி கேட்டுக் கண்காணித்த சோதனை வெளிவந்தது. ஆண்டுக்கு 2.34 ஆக இருந்த புறநோயாளர் வருகை, கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு 1.55 ஆகக் குறைந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும் பாதியானது. 2020 மார்ச் 25ஆம் தேதி, ஊரடங்கின் முதல் நாளே, நம் நாட்டில் தொலை மருத்துவத்துக்கான வழிகாட்டு விதிகள் வெளியாயின. கட்டாயத்தினால் வந்த வழி ஆனாலும், தூரத்து நோயாளிகளுக்கு நல்ல வழி. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளந்து, குழாய் விடாமலே குடலின் நிலையை ஓரளவு அறியும் பரிசோதனையும் இப்போது நகரங்களில் கிடைக்கிறது.

என் மகளுக்கும் வழி பிறந்தது. இந்நோய்க்கென்று வாரத்தில் ஒரு நாள் தனியாக ஒதுக்கிப் பார்க்கும் ஓரிடம் பிற்பாடு கிடைத்தது. அங்கே பெரிய வசதி ஒன்றும் இல்லை. ஒரு கோப்பு, தொலைபேசி எடுக்க ஒரு அம்மாள், பக்கத்திலேயே கழிப்பறை. "போயிட்டு வாம்மா, உன் முறை இருக்கும்" என்று அந்த அம்மாள் முதல் நாள் சொன்னதை என் வீட்டம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகளுக்குக் கல்யாணமாகி, இரண்டு குழந்தைகள். நோய் வந்து எட்டாண்டு கடந்தால் புற்றுநோய் வராமல் பார்த்துக்கொள்ளக் குறித்த இடைவெளியில் குடலைக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தேதியை அவளே குறித்து வைத்துப் போகிறாள்.

நம் சங்கம் செய்யக்கூடியது

எங்கள் சமணக் குடும்பங்களில் நான்கு தானங்களைச் சிறுவயதிலேயே சொல்லித் தருவார்கள்: உணவு, அபயம், மருந்து, சாத்திரம். மருந்து தானம் என்றால் மருந்து வாங்கிக் கொடுப்பது என்றுதான் அறுபது வயது வரை நினைத்திருந்தேன். நோயாளியோடு துணைக்குப் போவது, அவர் கழிப்பறைக்குப் போகும்போது வரிசையில் இடம் பிடித்து நிற்பது, 'ரத்தம் எத்தனை தடவை' என்ற கேள்விக்குக் கூச்சமில்லாமல் ஹிந்தியில் பதில் சொல்லித் தருவது, பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் அடுக்கித் தருவது ஆகியவையும் அதில் சேர்ந்தவைதான் என்று இப்போது நினைக்கிறேன். ஊரை விட்டு வந்த நமக்குப் பாட்டி, அத்தை, சித்தப்பா என்று பக்கத்தில் ஆள் இல்லை. அந்த இடத்தில் நிற்கச் சங்கம் ஒன்றுதான் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, நூலக அறையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், நானும் என் வீட்டம்மாவும் வந்து உட்காரத் தயார்.

வீட்டில் இளம்பிள்ளைகள் யாராவது கழிப்பறையில் அதிக நேரம் இருந்தால் அதட்டாதீர்கள். தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். வாரக்கணக்கில் ரத்தம் போனால் வயிற்று நோய் நிபுணரிடம் காட்டுங்கள். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். வலி தாங்கவில்லை என்று நீங்களாகக் கூட்டவும் செய்யாதீர்கள். இரண்டையும் செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

இதில் பிழை கண்டால் கற்றறிந்த மருத்துவ அன்பர்கள் பொறுத்து, திருத்தித் தர வேண்டுகிறேன்.